தங்கச்சிக்கு மிஞ்சிய ஆங்கிலம்

என் தங்கையின் கணவரை அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் 'மில்லிமீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் வேலை. அவர் போட்ட கோட்டைத் தண்டவாளம் என்று நினைத்து, எறும்புகள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடக்கும். தூங்கும்போதுகூடக் கட்டிலின் ஓரத்துக்கு இணையாகத்தான் படுப்பார். தும்மல் வந்தால் எழுந்து போய் அறையின் நட்ட நடுவில் நின்று தும்முவார் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் பாதி உண்மை.

எனக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான். நான் மின்விசிறி விற்றுப் பிழைத்தவன். இந்த விசிறியைப் போட்டால் சுவரில் மாட்டிய நாள்காட்டி தானாக அடுத்த மாதத்துக்குப் போய்விடும் என்று சொல்லியே ஆயிரக்கணக்கில் விற்றிருக்கிறேன். ஆகவே என் வாயிலிருந்து எது வந்தாலும் அதை இரண்டால் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் எழுதாத சட்டம்.

மாப்பிள்ளைக்கு ஒரு ஆங்கிலச் சொல் உண்டு: 'டு எ டி', அதாவது இம்மி பிசகாமல். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய பொறியாளர் அவருடைய வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்து, இந்தச் சொல்லைச் சொன்னாராம். அன்றோடு அது மாப்பிள்ளையின் நாக்கில் குடியேறிவிட்டது. செருப்பு காலுக்குப் பொருந்தினால் டு எ டி. மருமகனின் குணம் மகளின் குணத்தோடு பொருந்தினால் டு எ டி. தண்ணீர்த் தொட்டி வழிவதற்கு ஒரு நொடி முன்னால் மோட்டாரை நிறுத்திவிட்டால், மொட்டை மாடியே அதிரும்படி டு எ டி.

"சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்களேன் மாப்பிள்ளை. எதுக்கு இங்கிலீஷு?" என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"சரியா இருக்கிறது வேற, இது வேற மச்சான். தேவைப்பட்டதையும் கிடைச்சதையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா, எந்தப் பக்கமும் விளிம்பு வெளிய தெரியக் கூடாது. அப்பத்தான் இதைச் சொல்லணும்."

"அப்படிப் பாத்தா ஒரு ஆயுசுக்கு ரெண்டு தடவைதான் சொல்ல முடியும்."

"அதனாலதான் நான் ரொம்ப யோசிச்சுச் சொல்றேன்" என்றார், ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற அந்த மனிதர்.

அந்த 'டி' என்பது வரைபட மேசையில் வைத்துக் கோடு போடும் 'டி ஸ்கொயர்' என்கிற நீளமான அளவுகோல்தான் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. தன் தொழில்தான் ஆங்கில மொழிக்கு அந்தச் சொல்லைத் தானமாகக் கொடுத்தது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. ஒரு ரயில் பயணத்தில் எதிரே உட்கார்ந்திருந்த ஆங்கிலப் பேராசிரியர் அதைக் கலைத்துவிட்டார். அந்த அளவுகோலுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே இந்தச் சொல் புழக்கத்தில் இருந்ததாம். எழுத்தின் மேல் வைக்கும் சிறு புள்ளியைக் குறிக்கிற ஏதோ ஒரு பழைய சொல்லின் முதல் எழுத்தாக இருக்கலாமாம். ஆனால் நிச்சயமாக யாராலும் சொல்ல முடியாதாம்.

"நிச்சயமாத் தெரியாதுன்னா எதுக்கு வாயைத் திறக்கணும்?" என்று இறங்கும் வரை என் காதில் பொருமிக்கொண்டே வந்தார். ஒரு வாரம் அந்தச் சொல்லைத் தொடவில்லை. எங்களுக்கெல்லாம் சொர்க்கமாக இருந்தது.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்தவள் என் தங்கை. பாப்பா என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுகிறேன். அவளுக்கும் ஒரு சொல் உண்டு, 'கிட்டத்தட்ட'. எத்தனை பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால் கிட்டத்தட்ட பத்து. நான்கு பேர் வந்தாலும் அது பத்துதான், இருபது பேர் வந்தாலும் பத்துதான். மருந்துக்கடை எங்கே என்று யாராவது கேட்டால் "அதோ அங்க" என்று கை நீட்டுவாள். அந்தத் திசையில் போனவர்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி. நேரான கோடு அவள் உடம்பிலும் இல்லை, பேச்சிலும் இல்லை. ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதற்குள் இன்னொன்று கிளைக்கும். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரியின் மைத்துனி வந்து உட்காருவாள். ஆனால் கடைசியில் எப்படியோ தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்துவிடுவாள். எங்கள் வீட்டில் வானொலிப் பெட்டி வாங்காததற்கே அவள்தான் காரணம்.

மாப்பிள்ளையின் சொல்லை அவள் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் எடுப்பாள், அவரைக் கிண்டல் செய்ய. அவர் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அளந்து அளந்து சுவரில் அடித்த பலகை, அன்று மாலையே பாத்திரங்களோடு தரைக்கு வந்துவிட்டது.

"என்னங்க, வந்து பாருங்க. உங்க பலகை டு எ டி கீழ படுத்திருக்கு."

"இடம் தப்பு. அது வாக்கியத்தோட கடைசியில வரணும். நடுவுல வரக் கூடாது."

"நீங்க முதல்ல பலகையை எடத்துல வைங்க. அப்புறம் நான் வார்த்தையை எடத்துல வெக்கிறேன்."

நான் பக்கத்துத் தெருவில் தனியாக இருப்பவன். இந்தச் சண்டைகளைக் கேட்பதற்காகவே தினமும் அங்கே போய்விடுவேன்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோதுதான் பாப்பா விழுந்தாள். மூளைக்குள் ஒரு நாளம் அடைத்துக்கொண்டது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. மருத்துவமனையில் அவள் வெறுமனே கிடந்த அந்த நாட்களைப் பற்றி என்னால் எதையும் பெரிதாக்கிச் சொல்ல முடியாது. பெரிதாக்க அதில் இடமில்லை. பிறகு ஒரு காலையில் கண்ணைத் திறந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்து, வாயைக் கோணி, தெளிவாகச் சொன்னாள்:

"டு எ டி."

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தீங்களா மச்சான், கண்ணைத் தொறந்ததும் என்னை வம்புக்கு இழுக்கிறா!"

"சிரிக்காதீங்க மாப்பிள்ளை. அவ கண்ணைப் பாருங்க."

அவள் கண்ணில் கிண்டல் இல்லை. சொன்னது தன் காதிலேயே விழுந்து, இதையா நான் சொன்னேன் என்று திகைத்துக் கிடந்தாள். மறுபடி முயன்றாள். "டு எ டி." இன்னொரு தடவை, இன்னும் கெஞ்சலாக. "டு எ டி, டு எ டி." வார்டில் வேலை செய்த அம்மா, டீதான் கேட்கிறாள் என்று பரிதாபப்பட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அந்த வாரம் ஒரு குளம் நிறையத் தேநீரை நானே குடித்திருப்பேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, சுறுசுறுப்பு. எதையும் மூடி மறைத்துப் பேசத் தெரியாதவள்.

"ஏம்மா, எத்தனையோ வார்த்தை பேசினவ. எதுக்கு இது மட்டும் மிஞ்சணும்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"அது யாருக்கும் தெரியாது சார். பிடிச்ச வார்த்தைதான் மிஞ்சும்னு இல்லை. என்கிட்ட ஒரு பெரியவர் வந்துட்டிருந்தார். அவருக்கு 'அடச்சீ' மட்டும்தான். பேத்தியைக் கொஞ்சுறதும் அடச்சீ, சாமி கும்பிடறதும் அடச்சீ."

"உள்ள அவளுக்கு எல்லாம் புரியுதா?"

"புரியுது சார். சொல்ல வேண்டியதும் உள்ள முழுசா இருக்கு. ஆனா வாசலுக்கு வரும்போது எல்லாம் இந்த ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு வருது. எழுதறதும் அதே மாதிரிதான், அதனால பேனாவைக் குடுத்து அவங்களை அழ வைக்காதீங்க. நீங்க வார்த்தையைக் கேக்காதீங்க, ராகத்தைக் கேளுங்க. ஆமா, இல்லைன்னு தலையாட்டுவாங்க. சரியான கேள்வியைக் கேட்டா போதும்."

சரியான கேள்வி. அந்தப் பெண் அதை ஏதோ சில்லறை மாதிரி எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ராகங்கள் பிடிபடத் தொடங்கின. இதில் மட்டும் நான் மாப்பிள்ளையைவிடக் கெட்டிக்காரன். தண்ணீருக்கு ஒரு டு எ டி, முதுகைத் திருப்பிப் படுக்க வைப்பதற்கு ஒன்று, மின்விசிறியைக் குறைக்க ஒன்று. நான் ஏதாவது புளுகினால் மூன்று அசையையும் இழுத்து நீட்டி, கடைசியில் ஒரு சுழி வைத்து ஒன்று வரும். 'போதும் நிறுத்துண்ணா' என்பதற்கு அதைவிட நல்ல மொழிபெயர்ப்பு கிடையாது. ஒருநாள் நான் கட்டிவிட்ட கதையில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்புக்கு நடுவே டு எ டி, டு எ டி என்று கோணல் வாயோடு என்னைத் திட்டித் தீர்த்தாள். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தில் அந்தத் தெருவுக்கே விளக்குப் போட்டிருக்கலாம், மின்சாரம் மிஞ்சியிருக்கும்.

ஆனால் ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

குளித்து முடித்து, உடை மாற்றி, மாப்பிள்ளை அவளை நாற்காலியில் உட்கார வைப்பார். அப்போது இடது கையால் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாள். பிடித்தால் விடமாட்டாள். தாழ்ந்த குரலில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, நடுவில் ஒரு இடத்தில் நின்று, மறுபடி இறங்கும். எல்லாம் அந்த மூன்று அசைதான். ஆனால் அது ஒற்றைச் சொல் இல்லை, ஒரு நீண்ட விஷயம். அதற்குள் ஆட்கள் இருந்தார்கள், காரணம் இருந்தது, 'அதனால' இருந்தது. சொல்லி முடித்ததும் பிடியை விட்டுவிட்டு எங்கேயோ கை நீட்டிக் காட்டுவாள். நாங்கள் விழிப்போம். அவள் அழுவாள். தினமும் இதுதான். தண்ணீரோ வலியோ மருந்தோ அல்ல. பயிற்சிப் பெண் கொடுத்த படங்களைக் காட்டியபோது அத்தனையையும் தட்டிவிட்டாள்.

மருத்துவர் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு அடைப்பு வர வாய்ப்பு அதிகம் என்றும், வந்தால் இவ்வளவுகூட மிஞ்சாது என்றும் சொல்லியிருந்தார்.

"அதுக்குள்ள கண்டுபிடிச்சாகணும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "என்னமோ ஒண்ணை எங்கிட்ட சொல்லணும்னு தவிக்கிறா. சொல்லாமலே போயிட்டான்னா?"

கேட்காத கேள்வி இல்லை. வெளியூரில் இருக்கிற மகள் தினமும் தொலைபேசியில் புதிது புதிதாக யோசித்துச் சொல்வாள். நாங்கள் கேட்போம்.

"பொண்ணைப் பத்தியா?" இல்லை.

"யாருக்காவது ஏதாவது குடுக்கணுமா?" இல்லை.

"யாராவது உங்கிட்ட ஏதாவது குடுத்து வெச்சிருக்காங்களா?" இல்லை.

"எங்கேயாவது போகணுமா பாப்பா?" கொஞ்சம் யோசித்தாள். இல்லை.

"என் மேல கோபமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை.

நானும் என் பங்குக்கு அள்ளிவிட்டேன். புதையலா, இரண்டாவது கல்யாணமா, பக்கத்து வீட்டுக்காரியைக் கொன்று தோட்டத்தில் புதைத்துவிட்டாயா என்று. வழக்கமாக இதற்கெல்லாம் சிரிப்பவள், அந்த நேரத்தில் மட்டும் என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பிவிட்டாள்.

ஒருநாள் நான் போனபோது மாப்பிள்ளை நடு அறையில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். எதிரே அவருடைய பழைய வரைபட மேசை. மேசை மேல் அந்த நீண்ட டி ஸ்கொயர். கையில் கொத்தனார்கள் தொங்கவிட்டுப் பார்க்கும் நூல்குண்டு, சாக்பீஸ், அளவு நாடா.

"என்ன மாப்பிள்ளை, வீட்டை இடிச்சுக் கட்டப் போறீங்களா?"

"அவ கை காட்டுறா இல்ல மச்சான். அந்தத் திசையை அளக்கிறேன். அவ தோளுக்கும் விரல் நுனிக்கும் ஒரு நூல் பிடிச்சு நீட்டினா, எதைக் காட்டுறான்னு தெரிஞ்சிடும். ஒரு நாள் கோடு போதாது. நாலஞ்சு நாள் எடுக்கணும். எல்லாக் கோடும் எந்த எடத்துல வெட்டிக்குதோ, அதுதான்."

நான் அந்த நூல்குண்டை எட்டிப் பார்த்தேன்.

"மாப்பிள்ளை, அவ கை காட்டுறதை வெச்சா? மருந்துக்கடைன்னா சுடுகாட்டைக் காட்டுறவ ஆச்சே!"

"அது அப்போ."

"அப்பவும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான். சும்மா 'அங்க'ன்னு ஒரு வீச்சு வீசுறா. அதுல கோடு எங்க இருக்கு?"

அவர் நூல்குண்டைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவகிட்ட வேற என்ன இருக்கு மச்சான்? ஒரு வார்த்தை, ஒரு கை. வார்த்தை எதுக்கும் ஆகாதுன்னு ஆயிடுச்சு. இருக்கிறது அந்தக் கைதான். அதையாவது நான் ஒழுங்கா எடுத்துக்க வேண்டாமா?"

நூலின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நானும் முழங்காலில் நின்றேன்.

அதன் பிறகு அந்த வீடு வீடாகவே இல்லை. தரையெல்லாம் சாக்பீஸ் கோடு. பாப்பா கை நீட்டியதும் அவர் பாய்ந்து போய் நூல் பிடிப்பார். நான் சுவரில் குறி வைப்பேன். "அசையாத, அசையாதம்மா" என்பார். அவளோ ஏதோ சொல்ல வந்தவள், தன் கையைச் சுற்றி இரண்டு கிழவர்கள் நூல் கட்டுவதைப் பார்த்து, சொல்ல வந்ததை நடுவில் விட்டுவிடுவாள். ஒரு கோடு அலமாரியைத் துளைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் குளியலறைக்குப் போயிற்று. இன்னொன்று தெருமுனையையும் பேருந்து நிலையத்தையும் தாண்டி, என் கணக்குப்படி, கடல் கடந்து வேறொரு கண்டத்தில் ஏறியது. மாப்பிள்ளை அசரவில்லை. தாளில் வீட்டின் படத்தைப் போட்டு, கோடுகளையெல்லாம் ஏற்றி, ஒதுங்கிப்போனவற்றை ஒதுக்கி, மிஞ்சியவை கூடும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

வட்டம் உள்ளறைப் பரணில் விழுந்தது.

ஏணி வைத்து அவரே ஏறினார். வேண்டாம் என்றால் கேட்கிற வயதா அது? அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், பழைய போர்வை சுற்றி, பாப்பாவின் தையல் இயந்திரம் இருந்தது.

மகள் சின்னவளாக இருந்தபோது அதில்தான் அவளுக்குப் பாவாடை, சட்டை எல்லாம் தைத்தாள். சட்டையில் ஒரு கை முழங்கை வரைக்கும் வரும், இன்னொரு கை விரலையும் தாண்டித் தொங்கும். பாவாடையை உடுத்திக்கொண்டு அந்தக் குழந்தை நடந்தால் ஒரு பக்கமாகத்தான் போகும். ஒருநாள் மாப்பிள்ளை அந்தத் தையலின் மேல் அளவுகோலை வைத்துப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டார். என்ன சொன்னார் என்று இரண்டு பேருமே என்னிடம் சொன்னதில்லை. பாப்பா மெஷினைத் தொடுவதை விட்டுவிட்டாள். அவர் அதை மேலே ஏற்றிவிட்டார்.

இப்போது அதை இறக்கினோம். இரும்பு, என் எடையையும் அவர் எடையையும் கூட்டி நாலால் பெருக்கிக்கொள்ளுங்கள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் எழுந்து, துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, தள்ளிக்கொண்டுபோய் அவள் நாற்காலிக்கு எதிரே நிறுத்தினார். தலையெல்லாம் தூசி. புருவத்தில் ஒட்டடை.

"இதுதானே?" என்றார். "இதைத்தானே கேட்ட? நான்தானே மேல ஏத்தினேன். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இதுதானேம்மா?"

நான் பாப்பாவின் முகத்துக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன். முதலில் அவள் அந்த இயந்திரத்தை, யாரோ ஒருவருடைய வீட்டுப் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அப்புறம் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தாள். இரண்டு கையும் இல்லாமல் தைக்க முடியாது. அது அவருக்குத் தோன்றவில்லை. அவள் முகம் உள்ளே போய்விட்டது. எனக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. விளக்கு அணைந்தது என்றெல்லாம் சொல்லலாம், ஆனால் அது அப்படி இல்லை. கதவை உள்ளிருந்து சாத்துவார்களே, சத்தம் வராமல், வெளியில் நிற்கிறவர் மனம் நோகாமல், அப்படி.

பிறகு அவரைப் பார்த்தாள். அந்தத் தூசித் தலையை, இடுப்பைப் பிடித்திருந்த கையை. தலையை மெல்ல ஆட்டினாள், மேலும் கீழும். அவருக்காக அந்தச் சொல்லை மிகத் திருத்தமாக, அவர் எப்படிச் சொல்வாரோ அதே ராகத்தில் சொன்னாள்.

"டு எ டி."

மாப்பிள்ளை குழந்தை மாதிரி அழுதார். அவள் இடது கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சொன்னேன்ல மச்சான்! கோடு பொய் சொல்லாது, பாத்தீங்களா!"

"பாத்தேன் மாப்பிள்ளை" என்றேன்.

மெஷினுக்கு நல்ல எண்ணெயும் புது ஊசியும் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் தெருவில் இறங்கி ஓடினார். அவர் போன சத்தம் தேய்ந்ததும் பாப்பாவின் கை என் சட்டைக் கையைப் பிடித்தது. இறுக்கமான பிடி. தாழ்வாகத் தொடங்கியது. டு எ டி, டு எ டி, டு எ டி. ஏறியது, நடுவில் நின்றது, இறங்கியது. அதே நீண்ட விஷயம். அவருக்கு எத்தனை சொல்லியும் எட்டாத அதே ஒன்றை, அவசர அவசரமாக, அவர் வருவதற்குள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். முடித்ததும் கை நீட்டினாள். நாற்காலி இப்போது திரும்பியிருந்ததால், பரண் இருந்த பக்கம் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் காட்டியது ஜன்னல் பக்கம். இல்லை, கதவுப் பக்கம். இல்லை, எங்கேயோ.

"பாப்பா, மெதுவா. யாரையாவது பத்தியா? அவரைப் பத்தியா?"

கண்கள் விரிந்தன. தலை பாதி ஆடியது.

"அவரைப் பத்தித்தானா? நீ போனதுக்கு அப்புறம் அவர் என்ன செய்யணும்னா?"

இல்லை. இல்லை என்று பலமாகத் தலையை ஆட்டினாள். எதை வைத்துப் பிடிப்பேன்? நாற்பது வருடம் மின்விசிறி விற்ற வாயில் அந்த நேரத்துக்கு ஒரு கேள்வி வரவில்லை. பொய்யாகக்கூட ஒன்று வரவில்லை. "அம்மாவைப் பத்தியா? நம்ம பழைய வீடா? உடம்புல எங்கேயாவதா?" என்று உளறினேன். ஒவ்வொன்றுக்கும் அவள் பிடி கொஞ்சம் தளர்ந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டாள். அவர் உள்ளே வந்தபோது கோணல் வாயில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை மகள் கூப்பிட்டாள். மாப்பிள்ளை தொலைபேசியில் கத்தினார்: "கிடைச்சிடுச்சும்மா! உங்க அம்மா மனசுல இருந்தது கிடைச்சிடுச்சு. மெஷினு! நீ வந்து பாரு, எப்படி இருக்கான்னு!" பிறகு தொலைபேசியை அவள் காதில் வைத்தார். அவள் தெளிவாகச் சொன்னாள், மகளுக்குப் பிடிக்கும்படி. அந்தப் பக்கம் மகள் விம்முவது எனக்கே கேட்டது.

கடைசியில் தொலைபேசி என்னிடம் வந்தது. "மாமா, நிஜமாவா? அம்மா சொல்ல நெனச்சது அதுதானா? நீங்க வழக்கம்போல அளந்து விடாம சொல்லுங்க."

மாப்பிள்ளை எண்ணெய்ப் புட்டியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதேதான்மா" என்றேன்.

மறுநாள் குளித்து முடித்து நாற்காலியில் உட்கார வைத்தபோது அவள் கை எழவில்லை. அதற்கு அடுத்த நாளும் எழவில்லை. மாப்பிள்ளை என்னைப் பெருமையாகப் பார்த்தார். "கவனிச்சீங்களா? அந்தத் தவிப்பே போயிடுச்சு." தரையிலிருந்த சாக்பீஸ் கோடுகளையெல்லாம் துடைத்தார். தினமும் மெஷின் முன்னால் உட்கார்ந்து, நூல் கோக்காமலே மிதித்து, சக்கரத்தைச் சுழல விடுவார். பாப்பா அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்க வேண்டிய நேரத்தில் பார்த்து, தலையாட்ட வேண்டிய நேரத்தில் தலையாட்டுவாள். பயிற்சிப் பெண் வந்து பார்த்துவிட்டு, "அமைதியா இருக்காங்க, ஆனா முயற்சி குறைஞ்சிடுச்சே சார்" என்றாள். மாப்பிள்ளை அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார்.

இப்போது தண்ணீர் கேட்பதுகூடக் குறைந்துவிட்டது. நாமாகக் கொடுத்தால் குடிக்கிறாள். நான் புளுகினால் திட்டுவதில்லை. சந்திரனுக்கு நான் மின்விசிறி விற்ற கதையை முழுவதும் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளை குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து நான் அங்கே போகிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, பாப்பாவின் இடது பக்கம் உட்கார்ந்து, என் சட்டைக் கையை அவள் விரல்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறேன். "சொல்லு பாப்பா. நான் ஒண்ணும் கேக்கலை. நீ பாட்டுக்குச் சொல்லு" என்கிறேன். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். அவள் என் சட்டைக் கையைத் தொடுவாள். அதில் இருக்கிற கசங்கலை விரலால் நீவி நீவிச் சரிசெய்வாள். பிறகு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள்.